காற்றுக்குக் கழிவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பெரும்பகுதியை நான் நேரில் பார்க்கவில்லை. பெரியப்பா அப்பாவிடம் சொன்னார், அப்பா என்னிடம் சொன்னார். அப்பா எதைச் சொன்னாலும் கொஞ்சம் உப்பு கூடும். கூடிய உப்பை முடிந்தவரை எடுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெரியப்பா கனகராஜ், காஹாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் தராசு கிராணி. லோரியில் வரும் குலைகளை எடை போட்டு, கழிவு கழித்து, மிச்சத்தை எழுதுவது அவர் வேலை. காய் பழுக்காமல் இருந்தால் கழிவு. மண் ஒட்டியிருந்தால் கழிவு. மழையில் நனைந்து வந்தால் தண்ணீருக்கும் கழிவு. இருபத்திரண்டு வருடத்தில் யாருக்கும் ஒரு கிலோ விட்டுக்கொடுத்ததில்லை. சொந்த மச்சானின் லோரிக்கும் கழிவு போட்டார். அந்த மச்சான் தீபாவளிக்கு வருவதை நிறுத்திப் பல வருடமாகிறது.

போன மார்ச் மாதம் பக்கத்து வீட்டு சுகுமாறன் தன் கூரையில் சூரியத் தகடு போட்டார். அன்று மாலை வேலை முடிந்து வந்த பெரியப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் ஹாலில் நின்று அறிவித்தார்.

"யோகேஸ், இனிமே இந்த வீட்டுக்குக் காத்துலதான் கரண்டு."

பெரியம்மா யோகேஸ்வரி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "கரண்டுல ஃபேன் ஓடிதான் காத்து வரும். நீங்க காத்துல கரண்டு எடுத்து, அதுல ஃபேன் ஓட்டி, அதுல காத்து வாங்கப் போறீங்களா?"

"ஒனக்கு வெளங்காது. சுகுமாறனோட சூரியன் பகல் ஷிப்டு மட்டுந்தான். காத்து மூணு ஷிப்டும் வேல செய்யும்."

"எம்.சி. லீவு போடாதா?"

"போடாது லா!"

"அப்ப ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது ஒங்களுக்கு?"

பெரியப்பா குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் எனக்குப் போன் செய்தார். நான் ஜொகூர் பாருவில் வேலைக்குச் சேர்ந்து அப்போது நான்கு மாதம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் மின்பொறியியல். அதனால் வயர் உள்ள எந்தப் பொருளுக்கும் நான்தான் பொறுப்பு. சோறு பொங்காத குக்கரில் இருந்து திறக்காத கேட் வரை என்னைத்தான் கேட்பார்கள். தவறாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில், புத்தகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"சின்னக் காத்தாடி சுத்த ஆரம்பிக்கவே செகண்டுக்கு மூணு மீட்டர் வேகம் வேணும் பெரியப்பா. வாங்குறதுக்கு முன்னால ஒரு மாசமாச்சும் அளந்து பாருங்க. பக்கத்துல மரம் எதுவும் மறைக்கக் கூடாது."

கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது.

அந்த வீட்டின் பின்னால் இருப்பது ஒரே ஒரு மரம். முள்தோல் பழம் காய்க்கும் டுரியான். பெரியம்மா வைத்து, உரம் போட்டு, ஒன்பது வருடம் காத்திருந்த மரம். அந்த மார்ச்சில்தான் முதல் பூ விட்டிருந்தது.

"லோஷினி சொல்லிட்டா. மரத்த வெட்டணும்," என்று என் தலையில் போட்டார் பெரியப்பா.

பெரியம்மாவின் கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது. அந்த வீட்டில் கத்தி அப்படி நின்றதே இல்லை என்கிறார் அப்பா. இதில் உப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

"பூ வந்திருக்குங்க."

"பூவ வெச்சு லைட்டு எரியுமா?"

பெரியம்மா கத்தியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அளக்கணும்னும் சொன்னாளாமே?"

அப்படித்தான் ஒப்பந்தம் ஆனது. சாட்சி சுகுமாறன். முப்பது நாள், ஒரு நாளைக்கு மூன்று தடவை காற்றை அளப்பது. சராசரி மூன்றோ அதற்கு மேலோ வந்தால் மரம் போகும், காற்றாடி வரும். மூன்றுக்குக் கீழே வந்தால் மரம் இருக்கும், பெரியப்பா காற்றாடி என்ற சொல்லை மறக்க வேண்டும். மரம் வெட்டும் செல்வாவை முப்பத்தோராம் நாள் வரச் சொல்லியாகிவிட்டது.

காற்று அளக்கும் மீட்டர் தபாலில் வந்தது. பெரியப்பா பெட்டியைப் பிரிக்கப் போனார்.

"தொடாதீங்க," என்றார் பெரியம்மா.

"ஏய், என் மீட்டர் லா!"

"மில்லுல காய் கொண்டாறவன் தராசத் தொடலாமா?"

"அது எப்படித் தொடலாம்? கூடாது."

"காத்து இருக்குதுன்னு சொல்றது யாரு?"

"நான்."

"அப்ப நீங்கதான் காய்க்காரரு. தள்ளி நில்லுங்க."

"நீ மட்டும்? நீ மரத்துக்காரி!"

"மில்லுதானே காய வாங்குது? எட போடுறது யாரு, வெளியாளா? மில்லுக்காரங்கதானே? வாங்குற கைதான் எட போடும்னு நீங்கதான சொல்வீங்க."

சொன்னவர் அவர்தான். இருபத்திரண்டு வருடமாக, தினமும், லோரிக்காரர்களின் முகத்துக்கு நேராக. பெட்டியைக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு, வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே ஒரே கேள்விதான்.

"இன்னிக்கு எவ்ளோ?"

"காலையில ரெண்டு புள்ளி எட்டு. மத்தியானம் மூணு புள்ளி ஒம்போது."

"மூணு புள்ளி ஒம்போதா! நான் சொன்னேன்ல!"

"இருங்க. அப்ப மழ. ஈரக் காத்து. தண்ணிக்கு ஒண்ணு கழிச்சிட்டேன்."

"காத்துல போயி தண்ணிக் கழிவா?"

"நனஞ்ச காய்க்கு நீங்க போட மாட்டீங்களா?"

"...சாயங்காலம்?"

"மூணு புள்ளி ஆறு. ஆனா அந்நேரம் ரோட்டுல மணல் லோரி போச்சு. லோரி கெளப்புற காத்து நம்ம காத்து இல்ல. அதுக்கு ஒண்ணு புள்ளி ரெண்டு."

"அது ரொம்ப ஜாஸ்தி!"

"தூசி இருந்துச்சுங்க. மண்ணுக்குத் தனியா கழிக்கணும். நான் சேர்த்துப் போட்டுட்டேன்."

பெரியப்பாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் நோட்டைத் திறந்து பார்த்ததும் அடங்கிவிட்டது. தேதி, நேரம், அளவு, கழிவு, காரணம், மிச்சம், எல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தது. கழிவு மட்டும் சிவப்பு மையில். ஆலையில் அவர் எழுதும் அதே முறை. அந்த நோட்டில் அவரால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் காலை செல்வா ரம்பத்தோடு வந்து நின்றார். சுகுமாறன் வேலி ஓரத்தில் காப்பியோடு நின்றார். பெரியம்மா கூட்டி, வகுத்து, வாசித்தார்.

"கழிவு போடாம மூணு புள்ளி ரெண்டு. கழிவு போக ரெண்டு புள்ளி நாலு."

"கழிவு போடாம மூணு புள்ளி ரெண்டு!" பெரியப்பா துள்ளினார். "நான் ஜெயிச்சிட்டேன் யோகேஸ்! காத்துக்குக் கழிவுன்னு எந்த நாட்டுலயும் கெடையாது!"

"சரிங்க," என்றார் பெரியம்மா. "கழிவு வேணாம்னா வேணாம். செல்வா, மரத்த வெட்டுப்பா. அப்படியே காய்க்காரங்ககிட்டயும் சொல்லிடு, கனகராஜ் கிராணி இன்னியிலேருந்து கழிவ விட்டுட்டாருன்னு. நீ எல்லாத் தோட்டத்துக்கும் போறவன்தானே?"

செல்வா ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரியப்பாவைப் பார்த்தார். சுகுமாறனும் பார்த்தார். பெரியப்பா மரத்தைப் பார்த்தார், பிறகு நோட்டைப் பார்த்தார். அதன் பிறகு பெரியப்பா செல்வாவை உள்ளே கூப்பிட்டு, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஜூலையில் நான் காஹாங் போனபோது பெரியப்பா முதல் டுரியானைத் தன் கையாலேயே பிளந்து எனக்குக் கொடுத்தார். "சட்டம் சட்டந்தாம்மா. வீட்டுலயும் அதேதான்," என்றார். முகத்தில் தோல்வியே இல்லை. பெரியம்மா கொட்டைகளைப் பொறுக்கிக் கொண்டிருந்தார்.

எனக்குத்தான் பழம் இறங்கவில்லை. அந்த மூன்று புள்ளி இரண்டு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கத்து வானிலைப் பதிவுகளைத் தேடிப் பார்த்திருந்தேன். சராசரிக் காற்று அதில் பாதிகூட இல்லை. மீட்டர் பழுதாக இருந்தால் கணக்கே தவறு. அளக்கச் சொன்னவள் நான். உண்மையைச் சொல்லும் கடமையும் எனக்குத்தான்.

இருவரும் பின்பக்கம் மரத்தடியில் இருந்தபோது அலமாரியைத் திறந்து மீட்டரை எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன், எரியவில்லை. பின்மூடியைக் கழற்றினேன். பேட்டரி தீராமல் இருக்கக் கடையிலேயே செருகி அனுப்பும், முதல் தடவை போடும் முன் இழுத்தெடுக்க வேண்டிய மெல்லிய பிளாஸ்டிக் துண்டு, யாரும் இழுக்காமல், வந்தபடியே இருந்தது.