பெல்ஜியம் கண்ணாடி விளக்கும் மாரியம்மாள் கையும்

தனியாக இருப்பவன் சீக்கிரமே எதிலாவது நிபுணனாகிவிடுவான். வேறு வேலை ஏது? எட்டு வருஷத்துக்கு முன் மாற்றலாகிச் சூலக்கரைக்கு வந்தபோது ஊரில் எனக்கு ஒருத்தரையும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்து பேச வேண்டுமென்றால் டீக்கடைக்குத்தான் போக வேண்டும். அப்போதுதான் பழைய சிம்னி விளக்குகளின் கண்ணாடி அடிப்பாகத்தைப் பார்த்து, எந்த நாட்டில் அச்சில் அழுத்திச் செய்தது என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். (குரு: செல்போன். மொத்தப் படிப்பு: மூன்று வாரம்.) விளக்கு பார்க்க வந்திருக்கிறேன் என்றால் யாராக இருந்தாலும் வீட்டுக்குள் விடுவார்கள் என்பது இதில் ஒரு சௌகரியம்.

அலுவலக டிரைவர் முருகேசன் தன் ஊரான தாயில்பட்டிக்குக் கூப்பிட்டார். “வீட்ல ஒரு விளக்கு கெடக்கு சார். மத்தியானம் நம்ம வீட்லதான் சாப்பாடு.” இந்த ஊரில் எனக்கு வந்த முதல் அழைப்பு. திரும்பவும் கூப்பிட வேண்டுமே என்று முதல் நாளே சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

நான் போனபோது பட்டாசுக் கம்பெனி வேன் அவர் மனைவி மாரியம்மாளை இறக்கிவிட்டுப் போனது. தீபாவளி சீசன், ஞாயிறும் அரை நாள் வேலை. வந்த காலோடு அலமாரியிலிருந்து விளக்கை எடுத்துத் தந்தார். வெயிலில் தூக்கிப் பிடித்தேன். அச்சு சேர்ந்த கோட்டைத் தடவினேன். அடியில் எழுத்து எதுவும் இல்லை. ஆனால் பூவேலையின் பள்ளமெல்லாம் வெள்ளியாக மினுங்கியது.

“வெள்ளிப் பூச்சு! சீமைச் சரக்கு. பெல்ஜியமேதான்,” என்றேன். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். கால் மணி நேரம் பேசினேன். (கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா?)

மாரியம்மாள் தயங்கித் தயங்கி உள்ளங்கையை விரித்தார். அதுவும் வெள்ளியாக மினுங்கியது.

“கோவிச்சுக்கிடாதீக சார். அலுமினியப் பவுடரு. வெடிமருந்து அடைக்கிற கை, எம்புட்டுக் கழுவுனாலும் போகாது.” முந்தானையால் ஒரு துடை துடைத்தார். பெல்ஜியம் போய்விட்டது.

அத்தனை பேரும் சிரித்தார்கள். அவசர வேலை என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். இனி கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயதில், நடுரோட்டில்.

முருகேசன் பைக்கில் வந்து நின்றார். “ஞாயித்துக்கிழமை என்ன சார் வேலை? உங்களுக்காக விடியக்காலையே கோழி அடிச்சு வச்சிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கா. ஏறுங்க.” ஏறினேன்.

மாரியம்மாள் வேலை முடிந்து வந்தால் “பெல்ஜியம் வந்தாச்சு” என்பார் முருகேசன், இன்றைக்கும். போன தீபாவளிக்கு நான் போயிருந்தபோது, இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்த அவர்கள் புது மருமகன், “இவுக உங்களுக்கு என்ன முறை?” என்று என்னைக் காட்டி மாமியாரைக் கேட்டார்.

எட்டு வருஷமாக என்னைச் சார் என்றே கூப்பிடும் மாரியம்மாள், “அண்ணன் முறை,” என்றார்.

பஸ்ஸில் அறைக்குத் திரும்பும்போது அதைச் சத்தமாக ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.