உள்ளே பதினொன்று, வெளியே பதினேழு

எனக்குக் கணக்கு வராது. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பத்து வருஷம் பிடித்தது. என் மனைவி செல்விக்குக் கல்யாணமான முதல் மாதமே தெரிந்துவிட்டது. ஆனாலும் வீட்டு வரவுசெலவு நோட்டை நான் கையைவிட்டு விடவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு கிடங்கில் எடை எழுதுகிற வேலை எனக்கு. ஊரார் மூட்டையை எல்லாம் எழுதுகிறவனுக்குச் சொந்த வீட்டு அரிசியும் மீனும் மண்ணெண்ணெயும் எழுத வராதா என்கிற மிதப்பு. (மிளகு எழுதிய இடத்திலேயே இருக்கும். காசு இருக்காது. இந்த வித்தியாசம் அப்போது எனக்குப் புரியவில்லை.)

தொண்ணூறுகளின் தொடக்கம். சம்பளம் இரண்டாயிரத்து நானூறு. அதில் வாடகை நானூற்றைம்பது. நானும் செல்வியும், எட்டு வயது மகள் கவிதாவும். ஒன்றாம் தேதி நோட்டில் எல்லாம் அழகாக இருக்கும். இருபதாம் தேதி பார்த்தால் கையில் ஒன்றும் இருக்காது.

நான் சும்மா இருக்கவில்லை. குளிக்கிற சோப்பை நூல் போட்டு இரண்டாக அறுத்தேன். கிடங்கில் மூன்று சாயா குடித்தவன் ஒன்றாக்கினேன். ரேடியோ பேட்டரியை வெயிலில் காய வைத்தேன். பற்றாக்குறை அசையவில்லை. சுமை தூக்கும் யூசுப்க்கா, வாயைத் திறந்தால் எழுதி வைத்துக்கொள்ளலாம் போலப் பேசுகிறவர், ஒருநாள் என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

“எழுதி வெச்சா காசு பெருகாது மோனே. நோட்டுதான் தீரும்.”

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பற்றாக்குறையில் மாதம் இருநூற்றைம்பது ரூபாய் என் வேலை. ‘பலவகை’ என்று எழுதி, செல்விக்குத் தெரியாமல் நானே எடுத்தேன். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது, அதற்கு மேலும் இன்னொரு இருநூற்றைம்பது எங்கே போகிறது என்பது. சந்தேகம் மீன்மேல் விழுந்தது. தோப்பும்படிச் சந்தைக்குப் போய் விசாரித்தேன். அங்கே அயிலை விலை எங்கள் வீட்டு விலையில் முக்கால்வாசிகூட இல்லை.

“அந்த மீன்காரன் உன்ன நல்லா ஏமாத்துறான்” என்றேன்.

“ஆமாங்க. என் மூஞ்சியப் பாத்தாலே அவனுக்கு ஏமாத்தத் தோணும் போல” என்றாள் செல்வி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்கு அவள்மேல் பாவமாகப் போய்விட்டது. மீன்காரனை வழியில் பார்த்து இரண்டு மாதம் முறைத்தேன்.

நான் எடுத்த காசு எங்கே போனது என்றால், எங்கள் தெரு ரோசிலி சேச்சியின் குறிக்கு. தமிழ்நாட்டில் ஏலச்சீட்டு என்பார்களே, அதுதான். நாற்பது பேர், ஆளுக்கு மாதம் இருநூற்றைம்பது, மொத்தம் பத்தாயிரம். அவசரக்காரன் பத்தாயிரத்தில் கொஞ்சம் தள்ளுபடி விட்டுக்கொடுத்து ஏலத்தில் எடுப்பான். யார் அதிகம் தள்ளுகிறார்களோ அவர்களுக்குப் பணம். தள்ளிய தொகையை நாற்பது பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். தள்ளுபடிக்கு உச்சம் மூவாயிரம். இரண்டு பேர் அதைத் தொட்டால் சீட்டுக் குலுக்கல்.

சேச்சியின் குறிக்கு ஒரு விசேஷம் உண்டு. அதில் யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். ஏனென்றால் சேர்ந்த பாதிப்பேர் வீட்டுக்குத் தெரியாமல் சேர்ந்தவர்கள். பெண்கள் அடுக்களைப் பக்கம் வழியாக வந்து உள்ளே உட்காருவார்கள். ஆண்கள் முன்பக்கம் தார்ப்பாய்க்குக் கீழே பெஞ்சில். நடுவில் ஒரு திரை, திரையோரம் சேச்சி. வாயால் ஏலம் கேட்கக் கூடாது, குரல் தெரிந்துவிடும். சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். நான் பதினேழு. இந்த ஏற்பாட்டில் ரகசியம் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிற மாதிரி என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் மழை தொடங்கியபோது வீட்டுக்காரர் வந்தார். ரிட்டயர்டான மாஷ், பள்ளிக்கூட வாத்தியார். பத்தாயிரம் மொத்தமாகக் கொடுத்தால் வீட்டைப் பணயத்துக்கு (நம் ஊரில் ஒத்தி) தருகிறேன், இருக்கும்வரை வாடகை வேண்டாம், காலி செய்யும்போது பத்தாயிரத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். மாதக் கடைசிக்குள் பணம் வரவில்லை என்றால் வைப்பின் தீவிலிருந்து ஒரு பார்ட்டி தயாராக இருக்கிறதாம். நாங்கள் காலி செய்ய வேண்டும்.

வாடகை போனால் நோட்டில் மாதம் நானூற்றைம்பது மிஞ்சும். வீடு போனால் கவிதாவின் பள்ளிக்கூடம், என் வேலை, எல்லாம் தூரம். கையில் ஆயிரத்து ஐநூறு போனஸ் பணம் இருந்தது. குறியில் எட்டாயிரத்து ஐநூறாவது எடுக்க வேண்டும்.

“எப்படியாவது பாத்துக்கலாம்” என்றேன் செல்வியிடம், பெரிய மனுஷன் மாதிரி.

“பாத்துக்கலாங்க” என்றாள் அவளும். அவள் கவலையே படாததைப் பார்த்து, என்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் லோடு வருகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். செல்வி தையல் கற்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். சேச்சி வீட்டுப் பெஞ்சில் துணைக்கு யூசுப்க்கா. என்னைக் கண்டதும் சேச்சியின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

“நீ இந்நிக்கே எடுக்கணுமோ மோனே? அடுத்த மாசம் போராதா?”

“இன்னிக்கே வேணும் சேச்சி.”

சிலேட்டில் தள்ளுபடி ஐநூறு என்று எழுதினேன். சேச்சி திரைக்கு அந்தப் பக்கம் காட்டிவிட்டுத் திரும்பினார். “உள்ளே பதினொண்ணு, எழுநூறு.”

நான் ஆயிரம் எழுதினேன். “பதினொண்ணு, ஆயிரத்து இருநூறு.”

ஆயிரத்து ஐநூறு. அதுதான் என் எல்லை. சேச்சி சிலேட்டை வாங்காமல் என்னையே பார்த்தார். கண்ணை உருட்டினார். இருமினார். எனக்குக் குழப்பமாக இருந்தது.

“ஒரு சாயா குடிச்சிட்டு ஆலோசிக்கலாமே. உள்ளே இருக்கிறது ஒரு பாவம் குடும்பக்காரி.”

“நானும் பாவம் குடும்பக்காரன்தான் சேச்சி.”

“அதுதானே நானும் சொல்றேன்” என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார். அங்கேயும் ஏதோ கெஞ்சுவது கேட்டது. திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது. “இரண்டாயிரம்.”

“யாரோ வசதியுள்ள பெண்ணு” என்றார் யூசுப்க்கா. “விட்ராதே.”

நான் நிறுத்தியிருக்க வேண்டும். எட்டாயிரத்து ஐநூறு ஏற்கெனவே கைவிட்டுப் போயிற்று. ஆனால் என் வீட்டுக் கூரையை ஒரு பதினொன்று பிடுங்குகிறது என்ற எண்ணம் தலைக்கேறிவிட்டது. இரண்டாயிரத்து ஐநூறு எழுதினேன். உள்ளேயிருந்து மூவாயிரம் வந்தது. நானும் மூவாயிரம். சாக்பீஸ் உடைந்தது.

சேச்சி இரண்டு துண்டுக் காகிதத்தை எவர்சில்வர் டம்ளரில் போட்டு, மாதாவைக் கும்பிட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தார். பதினொன்று.

கடைசி வழி ஒன்றுதான் தோன்றியது. அந்தப் பெண்மணியின் காலில் விழுந்தாவது இந்த மாத முறையை எனக்கு விட்டுத்தரக் கேட்பது. சேச்சி தடுப்பதற்குள் திரையை விலக்கி, தலையைக் குனிந்து, கையைக் கூப்பி, நான் அறிந்த நல்ல மலையாளத்தில் ஆரம்பித்தேன்.

“பெங்ஙளே, ஒரு ஆங்ஙளயா நெனச்சு...”

நிமிர்ந்தேன். சிலேட்டை மார்போடு அணைத்தபடி, மூக்கில் சாக்பீஸ் தூளோடு உட்கார்ந்திருந்தாள் செல்வி.

(மலையாளம் தெரியாதவர்களுக்கு: பெங்ஙள் என்றால் உடன்பிறந்தவள். ஆங்ஙள என்றால் அவளுடைய அண்ணன்.)

“நீங்களா பதினேழு?” என்றாள் அவள்.

“லோடு வரலியா?” என்று கேட்டவள் பக்கத்து வீட்டு மேரி.

“நீ தையல் கத்துக்கலியா?” என்று கேட்டேன். இன்றுவரை அந்தக் கேள்விக்காக வெட்கப்படுகிறேன்.

சேச்சி தலையில் கை வைத்தார். “நான் என்ன செய்யும்? நீயும் வந்து பொண்டாட்டிகிட்ட பறயாதேன்னு சத்தியம் வாங்கினே. அவளும் கெட்டியவன்கிட்ட பறயாதேன்னு வாங்கினா. ரெண்டு சத்தியத்தையும் ஒரே வாயில வெச்சிட்டு நான் இருமத்தானே முடியும்?”

சேச்சி வீட்டிலிருந்து எங்கள் வீடு நாலாவது. வந்துசேர வெகுநேரம் ஆயிற்று.

“மீன்காரன் பாவம்” என்றேன் நான்.

“உங்க பலவகையும் பாவம்” என்றாள் அவள். “உங்க கையில காசு நின்னா யாராவது கடன் கேப்பாங்க, குடுத்துடுவீங்கன்னுதான் சொல்லல.”

“உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் நானும் சொல்லல.”

“இருந்துச்சே” என்றாள்.

ஐநூறுக்கு முடிந்திருக்க வேண்டிய ஏலத்தை, வேறு ஒரு ஆளும் போட்டிக்கு வராமல், நாங்கள் இருவரே மூவாயிரத்துக்கு ஏற்றிவிட்டோம். அந்த மூவாயிரத்தில் பங்குக்கு எழுபத்தைந்து வீதம், எங்கள் இரண்டு பங்குக்கும் நூற்றைம்பது எங்களுக்கே திரும்பி வந்தது. மிச்சம் முப்பத்தெட்டு பேருக்கு. அந்த வாரம் தெருவில் கரிமீன் பொரிக்கிற வாசனை தாங்கவில்லை. மேரி நேரிலேயே வந்து, அடுத்த மாசமும் ரெண்டு பேரும் தவறாம வரணும் கேட்டோ என்று அழைத்துவிட்டுப் போனாள்.

ஏழாயிரமும் என் ஆயிரத்து ஐநூறும் சேர்த்து எட்டாயிரத்து ஐநூறோடு மாஷ் வீட்டுக்குப் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டாள். மாஷ் இருமி இருமிச் சிரித்தார். சிரிக்கிறாரே, தருவாரா மாட்டாரா என்று தெரியவில்லை.

“பாக்கியை ஓணம் போனஸ்ல தந்தா போதும்” என்றார் கடைசியில். “ஆனா சேர்ந்து வரணும். தனித்தனியா வந்து எனக்கே பணயத்தைக் கூட்டித் தந்துடாதீங்க.”

வீடு நின்றது. அன்று மாலை நோட்டில் முதல் தடவையாக ‘குறி, இரண்டு பங்கு, ஐநூறு’ என்று செல்வி தன் கையால் எழுதினாள். அந்த மாதம் கணக்கு ஒரு ரூபாய் பிசகாமல் வந்தது. அதற்குப் பிறகு நோட்டை நான் தொட்டதில்லை, அவள் தொட விட்டதும் இல்லை.

வீட்டில் அவளுக்குக் கோபம் வந்தால் இன்றும் “ஆங்ஙளே” என்றுதான் கூப்பிடுவாள். கவிதா பெரியவளாகி, இரண்டாயிரத்துச் சொச்சத்தில் வைட்டிலாவிலிருந்து ஒரு பையன் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். பையனிடம் ஏதாவது கேட்கணுமா என்று பெரியவர்கள் சொன்னதும் அவள் கூச்சப்படாமல் கேட்டது ஒரே கேள்வி.

“நீங்க ஏதாச்சும் குறியில இருக்கீங்களா? நம்பர் என்ன?”

அவன் விழித்தான். அவர்கள் பக்கம் ஒருவருக்கும் எதுவும் புரியவில்லை. எங்கள் பக்கம் ஒருவரும் சிரிப்பை அடக்கவில்லை. அடுக்களைக்குள் எழுந்து போனது நான் ஒருவன்தான், சாயா போட.