தண்ணீர் இல்லாத ஊருக்கு இரண்டு டிக்கெட்

பாகூர்,
கார்த்திகைக் கடைசி, மழை விட்ட மறுநாள்

அன்புள்ள மச்சான் முத்துக்குமரனுக்கு,

உங்கள் அக்கா புருஷன் புகழ்வேந்தன் பாகூரிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்கா புவனேஸ்வரி, மாடு இரண்டு, ஏரி ஆகிய அனைவரும் நலம். ஏரி தேவைக்கு மேலேயே நலம். அகமதாபாத்தில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருக்க எல்லையம்மன் துணை புரிவாளாக. அந்த அம்மனுக்கும் எனக்கும் இப்போது பேச்சுவார்த்தை சரியில்லாததால், நீங்களும் ஒரு வார்த்தை தனியாக வேண்டிக்கொள்வது நல்லது. வாட்ஸப் இருக்கத் தபால் எதற்கு என்று நினைப்பீர்கள். போன் உங்கள் அக்கா இடுப்பில் இருக்கிறது.

எங்கள் மகள் கல்யாணம் முடிந்த கையோடு, "அக்காவும் நீங்களும் எங்கயாவது போயிட்டு வாங்க மாமா, டிக்கெட் நான் போடறேன்" என்று சொன்னீர்கள். தண்ணீர் இல்லாத ஊராகப் பார்த்துப் போடுங்கள் என்றேன். வருஷா வருஷம் கார்த்திகையில் ஏரி நிரம்பி, வாய்க்கால் உடைந்து, வயலில் புகுந்து, அங்கே இடம் போதாமல் வீட்டுக்குள் வந்து அடுப்படி வரைக்கும் நலம் விசாரித்துவிட்டுப் போகிற தண்ணீரோடு குடித்தனம் நடத்துபவன் வேறு எந்த ஊரைக் கேட்பான்? நீங்கள் ஒரு பாலைவனத்தைக் காட்டியிருந்தால் நாங்கள் பாட்டுக்குப் போய் வந்திருப்போம். உங்களுக்குத் தாராள மனசு, இரண்டைக் காட்டினீர்கள். ஜெய்சல்மர் ஒன்று, கட்ச் ஒன்று. அன்றைக்கே குடும்பம் இரண்டாகிவிட்டது.

ஜெய்சல்மர் வீடியோவைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கண்ணுக்கு எட்டின தூரம் மணல். சேறு கிடையாது, பாசி கிடையாது, நிவாரணம் தருகிறோம் என்று முட்டளவு தண்ணீரில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அதிகாரி கிடையாது. ஒட்டகம் வேறு. சாவதற்குள் ஒரு தடவை ஒட்டகத்தின்மேல் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. உங்கள் அக்காவுக்கோ கட்ச்தான் வேண்டுமாம். வெள்ளை வெளேரென்று உப்பாம். உப்பைப் பார்க்க அவ்வளவு தூரம் ரயிலேற வேண்டுமா? உப்புக் கரிக்கும் எங்கள் போர்வெல் தண்ணீரில் ஒரு டீ போட்டுக் குடித்தால் போதாதா? விசாரித்துப் பார்த்ததில் இன்னொரு கூத்தும் தெரியவந்தது. மழைக்காலத்தில் அந்தக் கட்ச் முழுக்கத் தண்ணீருக்கு அடியில்தான் கிடக்குமாம்! வெள்ளத்தில் கிடந்த நிலத்தைப் பார்க்க குஜராத்துக்குப் போவானேன், கொல்லைக் கதவைத் திறந்தால் ஆயிற்று.

பேசித் தீராததால் அம்மன் கோவிலில் பூப்போட்டுப் பார்த்துவிடுவோம் என்று முடிவானது. சிவப்பு அரளி வந்தால் ஜெய்சல்மர், வெள்ளை நந்தியாவட்டை வந்தால் கட்ச். பொட்டலம் கட்டும் பொறுப்பு என்னுடையது. தெய்வத்துக்கு வீண் சிரமம் வைக்கக்கூடாது என்கிற நல்லெண்ணத்தில் இரண்டு வாழையிலைத் துண்டிலும் சிவப்பையே வைத்து, நாரால் இறுக்கிக் கட்டி, தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். கோவிலில் பூசாரி குலுக்கிப் போட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை! மச்சான், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மன் கண்முன்னே பூவின் நிறத்தையே மாற்றிவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பூசாரி வழக்கப்படி, "இன்னொண்ணையும் பிரிச்சி எல்லாருக்கும் காட்டிடலாம்" என்று கையை நீட்டினார்.

"வோணாம் பூசாரி!" என்று கத்தினேன். அதே நேரத்தில், அதே சுருதியில், பக்கத்திலிருந்து உங்கள் அக்காவும், "வோணாம் பூசாரி!" என்று கத்தினாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அம்மன் பாவம் ஒன்றும் செய்யவில்லை என்று. நான் குளித்துவிட்டு வருவதற்குள் இரண்டு பொட்டலமும் வெள்ளையாகிவிட்டிருக்கிறது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! சாமி காரியத்தில் கள்ளம் செய்யலாமா என்று கேட்கலாம் என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்பாள். கள்ளனுக்குத் தேள் கொட்டின கதையாக நிற்கிறேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை, மாட்டோடு பேசுகிறாள். "உங்க மொதலாளிக்குச் சோறு எடுத்து வச்சிருக்குது, கொட்டிக்கச் சொல்லு" என்கிறாள். தை அறுவடைக்குள் முடிவாகவில்லை என்றால் கிருமாம்பாக்கத்தில் உங்கள் அம்மா வீட்டோடு போய்விடுவாளாம், அதுவும் மாட்டிடம் சொன்னதுதான்.

ஆகவே மச்சான், கட்சுக்கு இந்த வருஷம் டிக்கெட்டே கிடைக்கவில்லை என்று நீங்களே உங்கள் வாயால் அவளிடம் சொல்லிவிடுங்கள். தம்பி பொய் சொல்வான் என்று அவள் கனவிலும் நினைக்கமாட்டாள். ஜெய்சல்மருக்கு இரண்டு டிக்கெட் போடுங்கள், ஜன்னலோரம் எனக்கு.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, மேடான இடமாகப் பார்த்து வீடு கட்டி வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பு. புகழ்வேந்தன்

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்தேன், மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. நெல் மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு இரண்டு பேரும் அதன் பக்கத்தில் காலைத் தூக்கி உட்கார்ந்திருந்தோம். மாடு மேட்டில் கட்டியிருந்ததால் அவள் என்னிடமே பேச வேண்டியதாயிற்று. "அப்பிடி இன்னாதான் இருக்குது அந்த உப்புல?" என்று கேட்டேன். "உன் ஜெய்சல்மர்ல தண்ணியே வந்தது இல்ல, அதுல இன்னா அதிசயம்? கட்ச்ல கடலே உள்ள வருதாம். அப்புறம் தானா திரும்பிப் போயிடுதாம். யாரும் மொண்டு ஊத்த வோணாமாம். வந்த தண்ணி திரும்பிப் போன எடத்த ஒருதரம் கண்ணால பாக்கணும்யா" என்றாள். முப்பது வருஷமாக இந்த வீட்டிலிருந்து தண்ணீரை வாளி வாளியாக மொண்டு கொட்டியவள் அவள்தான் மச்சான். நான் ஏரிக்கரையில் நின்று அதிகாரிகளைத் திட்டிக்கொண்டிருப்பேன். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடுங்கள். கட்சுக்கே போடுங்கள், ஜன்னலோரம் அவளுக்கு. ஒட்டகம் அங்கேயும் உண்டா என்று மட்டும் அக்காவுக்குத் தெரியாமல் விசாரித்து வையுங்கள்.