அருட்பிரகாசத்தின் கறுப்புப் பெட்டி

அன்பு மருமகன் கோபிசங்கருக்கு,

கொக்குவிலிலிருந்து மாமா மார்க்கண்டு எழுதுவது. லண்டன் குளிருக்குள் நீரும் தர்சினியும் நலமாயிருக்க எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கிற பிள்ளையாரை வேண்டுகிறேன். இங்கே நான் சுகம். உம்முடைய மாமி பராசக்தி என்னைவிட ஒருபடி கூடச் சுகம். அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பக்கத்து வளவு அருட்பிரகாசம் மாஸ்ரரை உமக்குத் தெரியும். தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லாதவர், நல்ல வளுக்கை. அவர் ஒரு லப்டொப் வாங்கினார் என்றுதானே நானும் அதே கம்பனியில் அதே நிறத்தில் வேண்டுமென்று அடம்பிடித்து உம்மிடம் வாங்கினேன். வாங்கி என்ன? அவர் மாதத்துக்கு ஒருமுறை பக்கப் எடுக்கிறாராம். லப்டொப்புக்குள் இருக்கிறதை, படம் முதல் எழுத்தின் அளவு வரை, அப்படியே ஒரு கறுப்புப் பெட்டிக்குள் கொப்பி எடுத்து வைக்கிறதாம். பழுதானால் பெட்டியைச் செருக, எல்லாம் பழையபடி வந்துவிடுமாம். மாமி அதைச் சொன்ன விதம்தான் எனக்குத் தாங்கவில்லை. அருட்பிரகாசம் அண்ணை பக்கப் எடுத்தவர், அருட்பிரகாசம் அண்ணை கவனமான ஆள் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் இந்த வீட்டில் அவர் பெயர் கேட்கிறது. என் பெயரை நாற்பது வருடத்தில் ஒரு தரமும் சொன்னவளில்லை. போதாக்குறைக்கு, பயற்றம் பணியாரம் சுட்டால் முதல் தட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் போகிறது. எனக்குச் சீனி வருத்தமாம். மாமாவுக்குப் பொறாமை என்று நினைப்பீர். ஓம், பொறாமைதான்.

போன கிழமை அப்டேட் ஓடிக்கொண்டிருக்கப் பற்றறி இறங்கி, என் லப்டொப் எழும்ப மறுத்துவிட்டது. அதற்குள் என்ன இருந்தது என்று உமக்குத் தெரியும். இடம்பெயர்ந்தபோது எங்கள் கலியாண அல்பம் தொலைந்து, பிறகு உம்முடைய அம்மாவும் மற்றச் சொந்தங்களும் நாலு நாட்டிலிருந்து தேடி அனுப்பிய பதினாலு படமும் அதற்குள்தான். அவரைக் கேளுங்கோவன் என்றாள் மாமி. நான் கேட்பேனா? இரண்டு நாள் பொறுத்து, அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துப் போனேன். மனிசன் கிணற்றடியில் முகம் முழுக்கச் சவர்க்காரத்தோடு நின்றார். மேசையில் கிடக்கிற கறுப்புப் பெட்டியைக் கொஞ்சம் கொண்டுபோகட்டோ என்று கேட்டேன். ஓம் ஓம் என்றார். வீட்டுக்கு வந்து செருகி, அது கேட்ட கேள்விக்கெல்லாம் நானும் ஓம் ஓம் என்று அமத்தினேன். உள்ளே இருப்பதெல்லாம் அழியும், சம்மதமா என்றும் ஒரு கேள்வி வந்ததாக இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

மருமகன், எழும்பினது என் லப்டொப் இல்லை, அவருடையது. திறந்தால் "அருட்பிரகாசம், நல்வரவு" என்கிறது. திரை முழுக்க அவர் மாலையும் கழுத்துமாக நிற்கிறார். எழுத்தெல்லாம் அவர் கண்ணுக்கு ஏற்றபடி கத்தரிக்காய்ப் பருமன். பதினாலு படமும் இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு மாமியிடம் சொன்னால், பரவாயில்லை விடுங்கோ என்று வெங்காயம் உரிக்கிறாள். வெங்காயத்துக்கு வந்த கண்ணீர் தன் கலியாணப் படத்துக்கு வரவில்லை. இதுக்கு மேலை இன்றைக்குச் சரியாக நாலு மணிக்குத் திரையில் அவருடைய ஞாபகக் குறிப்பு ஒன்று துள்ளி விழுந்தது: "தங்கச்சி பராசக்தி வருவா. மார்க்கண்டருக்குச் சொல்லக்கூடாது."

நெஞ்சு எரியுது மருமகன். நாற்பது வருசம் ஒண்டா இருந்த மனிசி. நீர் ஒருக்கா போன் எடுத்து மாமியிட்டைப் பக்குவமாக் கேளும். நான் கேட்டா அழுதுபோடுவன்.

நீரும் தர்சினியும் ஒருவருக்கொருவர் ஒன்றையும் ஒளிக்காமல் நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கும்,
மாமா மார்க்கண்டு

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்ப வேண்டாம். லப்டொப்போடு, நான் இதை அடித்த ஈமெயிலும் அவருடையதாம். நான் எழுத எழுத, வரி வரியாக அவருடைய போனில் போய் விழுந்திருக்கிறது. என் பெயரை அடித்து முடிக்க, ஆள் படலையடியில் நிற்கிறார்.

"மார்க்கண்டர், வழுக்கைக்கு ழகரம் வரவேணும்," என்றார்.

பிறகு மாமியைக் கூப்பிட்டார். அவள் அலுமாரியில் சேலைக்கு அடியிலிருந்து இன்னொரு கறுப்புப் பெட்டியை எடுத்து வந்தாள். நாலு மணிக்குப் போய் அவரிடம் கேட்டுப் படித்தது என் லப்டொப்பைக் கொப்பி எடுக்கத்தானாம். நான் கோயிலுக்குப் போகிற நேரமெல்லாம் எடுத்து வைத்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா, அவரைப் பாத்து எடுத்ததெண்டு கோவத்திலை அழிச்சுப்போடுவியள். நீங்களா ஒருக்கா அவரிட்டை வாய் திறந்து உதவி கேளுங்கோ எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்," என்றாள்.

செருகினோம். என் லப்டொப் பழையபடி வந்தது, பதினாலு படமும் வந்தன. அந்தப் பெட்டியின் மேல் ஒரு துண்டு ஒட்டி, தன் கையால் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறாள்: "இவர்." அதை நான் நாலைந்து தரம் வாசித்துவிட்டேன்.

கடிதம் இப்போது அருட்பிரகாசம் அண்ணையின் போனில்தான் இருக்கிறது. அதை வாங்கித்தான் இந்தப் பின்குறிப்பை அடிக்கிறேன். அப்படியே அழித்துவிடத்தான் நினைத்தேன், ஆனால் இதற்கும் ஒரு பக்கப் எடுத்துவிட்டாராம். ஆகையால் அனுப்புகிறேன். வளுக்கையை மட்டும் நான் திருத்தவில்லை.