மூணாவது கட்டில்

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவனைப் போல ஆபத்தான பிராணி வேறு கிடையாது. எல்லாம் தனக்குத்தான் தெரியும் என்று நினைப்பான். நானும் நினைத்தேன், அதற்கு எம்.காம். சான்றிதழ் வேறு வைத்திருந்தேன்.

எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று இரண்டு நாள் தங்கி விசாரிக்க, பெண்ணின் அப்பாவும் அம்மாவும் கோயம்புத்தூரிலிருந்து பாலக்கோட்டுக்கு வந்தார்கள். "நம்ம வூட்லயே தங்கட்டும்டா" என்றார் தக்காளி பயிரிடும் அப்பா. தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவிலா? (இந்தத் துரையின் மானம் போய்விடுமாம்!) மார்க்கெட் பக்கம் ஒரு பழைய லாட்ஜ் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், தேக்குத் தூண், முழங்கை நீளச் சாவி. வாடகையோ சல்லிசு. விடுவேனா?

போனில் மேனேஜர் கேட்டார்: "மூணு கட்டில் ரூமுங்க. எத்தன கட்டில் வேணும்?"

"ரெண்டு பேர்தான் வராங்க. ரெண்டு போதும்" என்றேன், சிக்கனத்துக்கே பாடம் எடுப்பவன் போல.

மதியம் அவர்களை அறையில் உட்காரவைத்து, கட்டடத்தின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். "சுண்ணாம்புச் சுவருங்க மாமா. ஃபேனே தேவையில்ல." (ஃபேன் ஓடவில்லை.) அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு லுங்கியோடு ஒருவர் வந்தார். காலை ஏலத்தை முடித்த தக்காளி வியாபாரி. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மூன்றாவது கட்டிலில் நீட்டிப் படுத்தார்.

"யோவ், இது எங்க ரூம்! எந்திரிய்யா!"

"நான் எங்கட்டில்லதான படுத்திருக்கறன்? இங்க வாடகை கட்டிலுக்குத்தான், ரூமுக்கில்ல. தம்பி ஊருக்குப் புதுசுங்களா?"

நான் பிறந்து வளர்ந்ததே பக்கத்துக் கிராமத்தில்தான். அத்தை பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். "ஒரு ரூம் போடத் தெரியல. இவருக்குப் பொண்ணக் குடுத்து என்னங்க பண்றது? வாங்க, பஸ்ஸுக்குப் போலாம்" என்றார் மாமாவிடம். நியாயமான கேள்விதான்.

வியாபாரி தலையைத் தூக்கினார். "கல்யாண விசயமுங்களா? தம்பி யாரு பையன்?"

அப்பா பேரைச் சொன்னேன். மனிதர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"அட, அவரு பெட்டிய நாங்க கொட்டியே பாக்கறதில்லீங்க! மேல நல்லது, அடில சொத்தைன்னு வெக்காத ஆளு. நம்பிக் குடுங்க." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பையனப் பத்தி எனக்குத் தெரியாதுங்க."

மாமா அவர் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் எங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். பட்டதாரியிடம் ஒரு கேள்விகூட இல்லை. சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு பெட்டியில் முழங்கை வரை கையை விட்டு அடித்தக்காளியை எடுத்துப் பார்த்தார். அப்புறம்தான் சரி என்றார்.

கல்யாணமாகி நாலு வருஷம். குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் ரூம் போடுவது அப்பா. நான் பந்தியில் இலை துடைக்கிறேன். போன மாதம் மச்சினிச்சி கல்யாணத்தில், புதுச் சம்பந்திகளிடம் என்னைக் காட்டி மாமா சொன்னார்: "இவரு எங்க மூத்த மாப்பிள்ளைங்க. மேல பாத்தா கொஞ்சம் சொத்தையாத்தான் தெரியும். அடில நல்லாருக்கும்னு நம்பித்தான் குடுத்தோம். இன்னும் தேடிட்டிருக்கோம்."

முதலில் சிரித்தது என் மனைவி.