மேலதிகாரி முன்னிலையில் ஒரு மாத்திரை

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மருந்து விஷயத்தில் ஒரு சொல் பிசகினால் யார் வீட்டு நாய்க்காவது ஆபத்து. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நாயைத் தடியன் என்றுதான் கூப்பிடுவோம். பட்டினிபோட்டாலும் ஊதிக்கொண்டே போனான். வாலில் முடி கொட்டியது. வாசல் மணி அடித்தால் ஒரு கண்ணை மட்டும் திறப்பான். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, தைராய்டு குறைவு என்றார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். மறந்துவிட்டால் மறுநாள் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் தன்னைக் கேட்க வேண்டும்.

இவ்வளவுதான் விஷயம். ஆனால் என் கணவர் ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர். எதையும் இவ்வளவுதான் என்று விட்டுப் பழகாதவர்.

“மருந்தளிப்பது பொறுப்பான பணி. மேலதிகாரி முன்னிலையில்தான் நடைபெற வேண்டும்” என்றார்.

“மேலதிகாரி யாருங்க?”

“கேள்வியைப் பாரு!”

மேலதிகாரி குளித்து, சட்டை மாட்டி, சோபாவில் அமர்ந்த பிறகே மாத்திரை என்று ஏற்பாடாகியது. ஒருநாள் குளியல் நீண்டுவிட்டது. தடியன் பசியில் ஊளையிட்டான். பொறுக்காமல் மாத்திரையைக் கொடுத்துவிட்டேன்.

“யாரைக் கேட்டுக் கொடுத்தே?”

“முழுங்கிட்டான். நான் பார்த்தேங்க.”

“கொடுத்தவளே பார்த்தேன்னா அது சாட்சியா? அதிகாரி பார்க்காத பணி நடைபெறாத பணி. ஒண்ணு எடு.”

“ரெண்டு கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே!”

“ரெண்டு எங்கே? இதுதான் முதலாவது.”

காலமெல்லாம் அலுவலகத்தை நடத்திய மனிதர், நான் எட்டாவது. எடுத்துக் கொடுத்தேன். அதன்பின் அவர் குளியல் நீண்ட நாளெல்லாம், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காத நாளெல்லாம், தடியனுக்கு முதலாவது மாத்திரை இரண்டு முறை கிடைத்தது.

தடியன் இளைத்தான். சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தான். உட்காராமல் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“பார்த்தியா சுறுசுறுப்பு! இதுக்குப் பேர்தான் நிர்வாகம்” என்றார் இவர்.

பக்கத்து வீட்டுக்காரி நடைப்பயிற்சிக்காரி. கையில் கட்டிய வாட்ச் கணக்குச் சொன்னால்தான் நடந்ததாக நம்புவாள். ஒருநாள் வாட்சைக் கட்ட மறந்து நடந்துவிட்டு, கட்டிக்கொண்டு மறுபடி நடந்தாள். அவள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, தடியன் என்ன டயட்டுல இருக்கான்?”

“டயட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாத்திரை.”

“எனக்கும் ஒரு அட்டை வாங்கித் தாங்களேன்.”

“நாய் மாத்திரைடி!”

“நாய்க்கே இவ்வளவு கேட்குதுன்னா மனுஷிக்குக் கேட்காதா?”

அவளை விரட்டிவிட்டுத் தடியன் நெஞ்சில் கை வைத்தேன். தையல் மெஷின் மாதிரி அடித்தது. யார் முன்னிலையும் பார்க்காமல் ஆட்டோ பிடித்து ஓடினேன்.

“மருந்து கூடிப்போச்சும்மா. இப்படியே விட்டிருந்தா இதயம் தாங்கியிருக்காது. யார் கொடுக்கிறது?” என்றார் டாக்டரம்மா.

“நான்தாங்க. ஆனா அவர் பார்த்தாதான் கொடுத்ததா ஆகும்.”

டாக்டரம்மா கொஞ்ச நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பிறகு அளவைத் திருத்தி, “ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே தடவை. டப்பாவைப் பூட்டி வையுங்க” என்றார்.

அதிலிருந்து, விடிந்ததும் மாத்திரையை நானே கொடுத்து டப்பாவைப் பூட்டிவிடுவேன். பிறகு, சோபாவில் அமர்ந்த மேலதிகாரி முன்னிலையில், மாத்திரை பொதிந்ததாகச் சொல்லி வெறும் மாவு உருண்டை ஒன்று உரிய மரியாதையுடன் வழங்கப்படும். அடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. “நேரடிக் கண்காணிப்பின் பலன்” என்றார் இவர். பக்கத்து வீட்டுக்காரி தொல்லை தாங்காமல் அவளுக்கும் தினம் ஓர் உருண்டை. உடம்பு லேசாகிவிட்டதாம்; வாட்சும் ஒத்துக்கொண்டதாம்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. விடியற்காலையில் கொடுத்ததை யாரும் பார்க்கவில்லையே, உண்மையிலேயே கொடுத்தேனா என்று கை மறுபடி சாவிக்குப் போகிறது. அதனால் இப்போது தடியனை நிலைக்கண்ணாடி முன்னால் நிறுத்தித்தான் மாத்திரை கொடுக்கிறேன். கண்ணாடியில் இருப்பவள் சரியென்று தலையாட்டிய பிறகே டப்பாவைப் பூட்டுகிறேன்.