நாங்க டூரிஸ்ட் இல்லீங்க

மனித இனத்தில் ஒரு பிரிவினர் உண்டு. முதுகில் மூட்டை இருந்தால்தான் இவர்களை அடையாளம் காண முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். மூட்டை பரணில் தூங்கும் நாட்களிலும் இவர்களுடைய வாய் ஊர் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் ஆசையாக ஒரு மலைக்குப் போய்வந்து படம் காட்டினால், படத்தைப் பார்க்கமாட்டார்கள். "அங்கயா போனீங்க? அங்க எல்லாரும்தானே போறாங்க!" என்று உங்கள் விடுமுறைக்கு இரங்கல் தெரிவிப்பார்கள். இவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர். பயணிகள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரு சாயங்காலம் முழுதும் பறிபோகும்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவர் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்கு நேர் மேல்வீட்டில் இருக்கிறார். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். நாளெல்லாம் மேலும் கீழுமாகவே போய்வரும் மனிதருக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் போக ஆசை வருவது நியாயம்தான். குடியிருப்பில் அவருக்கு மூட்டைக்காரர் என்று பெயர். அவருடைய மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். ஜன்னல் இல்லாத அறையில், ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு, "மூச்ச இழுங்க... அப்படியே அடக்குங்க... அசையாதீங்க... இப்ப விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவர். அந்த அம்மாவுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. கடல் பார்க்க வேண்டும்.

எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது. எல்லைக்கு அப்பால் இருக்கும் ஓர் ஊர்தான் அந்தக் குறையைத் தீர்த்துவைக்கிறது. விடுமுறை விட்டால் ஊரே அங்கே போகும். மூட்டைக்காரரின் சகலை ஆண்டுதோறும் சுற்றுலா பஸ்ஸில் குடும்பத்தோடு போய், வெயிலில் மூக்குத் தோல் உரிந்து திரும்புவார். அந்த உரிந்த மூக்கைப் பார்த்து இந்த அம்மா பெருமூச்சு விட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

மூட்டைக்காரர் மனைவியைக் கூட்டிப்போகாமல் இல்லை. ஆண்டு தவறாமல் கூட்டிப்போவார். ஆனால் "கூட்டம் போற இடத்துக்கு நாம போகக்கூடாது" என்பது அவருடைய வேதவாக்கு. அதனால் அருவிக்குப் பேர்போன ஊருக்குப் போனால், பின்பக்கக் காட்டில் நின்று அருவியின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவார்கள். அரண்மனை ஊருக்குப் போனால், அரண்மனைக்கு எதிர்த்திசையில் இருக்கும் பஸ் பணிமனையில் டிரைவர்களோடு டீ குடித்துவிட்டு வருவார்கள். "ஊரைப் பார்க்கிறது வேற, உணர்றது வேற" என்பார். அந்த அம்மா உணர்ந்து உணர்ந்து களைத்துப்போய், ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த வருஷம் கடல். பின்பக்கம் இல்ல. முன்பக்கம்."

மூட்டைக்காரர் ஒத்துக்கொண்டார். ஆனால் பஸ்ஸில் நேராகப் போய் இறங்குவதா? மானம் என்ன ஆவது? கிராமத்து பஸ் பிடித்து எல்லைவரை போய், எல்லையைக் காலால் நடந்து கடந்து, அப்புறம் கிடைத்த வண்டியில் ஏறுவது என்று முடிவாயிற்று.

பிறகு மூட்டை கட்டும் படலம். எடையைக் குறைக்க வேண்டும் என்று பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்தார். மனைவியின் ஷாம்பு பாட்டிலை வெளியே எடுத்துவைத்தார். குறைந்த எடையைச் சரிக்கட்ட ஒரு மடக்கு அடுப்பு, ஒரு மடக்கு மண்வெட்டி, தலையில் மாட்டும் விளக்கு, எருமை கட்டும் தடிமனில் ஒரு கயிறு எல்லாவற்றையும் உள்ளே திணித்தார். சக்கரம் வைத்த பெட்டிகளைத் தெருவில் கண்டால் பரிதாபமாகப் பார்த்தார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது இடுப்பில் ஏதோ மளுக்கென்றது. அதுவும் அனுபவம்தானே?

எல்லைச் சாவடியில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அதிகாரி, கொட்டாவியை மெல்லும் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். முதலில் அந்த அம்மா.

"எதுக்கு வர்றீங்க?"

"கடல் பாக்கறதுக்குங்க."

முத்திரை விழுந்தது. அம்மா அந்த நாட்டுக்குள் போய்விட்டார். அடுத்து நம்மவர்.

"டூரிஸ்டா?"

எளிய கேள்வி. உலகம் முழுக்க ஒரு நாளைக்கு எத்தனை பேர் இதற்கு ஆமாம் சொல்கிறார்கள்! ஆனால் நம்மவருக்கு அது சாதிப்பெயரைத் தப்பாகச் சொன்னது போலச் சுட்டது.

"இல்லீங்க."

"வேலையா வர்றீங்களா?"

"இல்லீங்க."

"சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

"அப்ப உள்ள வந்து என்ன பண்ணப்போறீங்க?"

"மக்களோட கலக்கணும். யாரும் போகாத வழியாப் போகணும்."

அதிகாரியின் கொட்டாவி நின்றுவிட்டது. "யாரும் போகாத வழியாவா? பையைத் திறங்க."

மண்வெட்டி வந்தது. தலைவிளக்கு வந்தது. கயிறு வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது.

"கயிறு எதுக்கு?"

தன் மூட்டையைப் பற்றி முதல்முறையாக ஒருவர் அக்கறையாகக் கேட்டதில் நம்மவர் உருகிப்போனார். "ஒரு சாமான் நாலு வேலை செய்யணும் சார். துணி காயப்போடலாம், மூட்டை கட்டலாம், அவசரம்னா ராத்திரில மதில்லேர்ந்து இறங்கக்கூட..."

"அந்த பெஞ்சுல போய் உக்காருங்க."

கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவி எட்டிப்பார்த்தார். திரும்பி வரவும் வழியில்லை, விட்டுப் போகவும் மனமில்லை.

"என்னங்க, டூரிஸ்ட்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்களேன்."

"சொல்லமாட்டேன். இது கொள்கை."

"மூச்ச இழுங்க." இழுத்தார். "அடக்குங்க." அடக்கினார். "விடுங்க. இப்ப சொல்லுங்க பார்ப்போம்."

"மாட்டேன்."

வெயில் ஏறியது. அப்போதுதான் மஞ்சள் தொப்பி போட்ட கூட்டம் ஒன்றோடு சுற்றுலா பஸ் ஒன்று வந்தது. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, மளமளவென்று எல்லையைக் கடந்தார்கள். கையில் கொடி வைத்திருந்த வழிகாட்டிப் பெண், தனியாக நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

"அக்கா, கடலுக்கா? ஒரு சீட் காலியாத்தான் இருக்கு. வர்றீங்களா?"

அந்த அம்மா பஸ்ஸைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து கணவர் தேர்ந்தெடுக்காத வழியில் இவர் ஓரடி வைத்ததில்லை. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டதாக என் மனைவியிடம் பின்னால் சொன்னாராம்.

"நான் முன்னால போறேங்க. நீங்க கொள்கைய முடிச்சுட்டு வாங்க."

மூட்டைக்காரர் சிரித்தார். போகமாட்டாள் என்று நினைத்தார். பஸ் கிளம்பியது. இறங்கிவிடுவாள் என்று நினைத்தார். பஸ் வளைவில் திரும்பி மறைந்தது. அப்புறம் நினைப்பதற்கு ஒன்றுமில்லை. பெஞ்சு நீளமாக இருந்தது. பக்கத்தில் மூட்டை, அதற்குப் பக்கத்தில் யாருமில்லை. தன் வீரதீரங்களை இத்தனை காலம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஜீவன் போய்விட்டது என்பது மெல்ல உறைத்தது. எழுந்து கண்ணாடிக்குப் போனார்.

"சார்... டூரிஸ்ட்."

"என்னது? காதுல விழல."

"டூரிஸ்ட்டுங்க!"

சாவடியே திரும்பிப் பார்த்தது. முத்திரை விழுந்தது.

ஐஸ் ஏற்றிப்போன லாரியின் பின்னால் உட்கார்ந்து, முதுகெல்லாம் நனைந்து, பொழுது சாயும் நேரத்தில் அந்த ஊர் போய்ச் சேர்ந்தார். மனைவி எங்கேயாவது அழுதுகொண்டு நிற்பாள், ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வசனம் தயாரித்திருந்தார். கரையில் ஆயிரம் தலைகள். அதில் ஒரு மஞ்சள் தொப்பி முழங்கால் தண்ணீரில் நின்று, அலை வரும்போதெல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குரலை அவர் வீட்டில் கேட்டதே இல்லை.

"என்னங்க! வந்துட்டீங்களா! இங்க பாருங்க, இது நிக்கவே மாட்டேங்குதுங்க!" அம்மாவின் முகமெல்லாம் உப்புத் தண்ணீர். "நாள் பூரா எல்லார்கிட்டயும் அசையாதீங்க, அசையாதீங்கன்னே சொல்லிட்டிருக்கேன். இதுகிட்டச் சொல்ல முடியலங்க!"

அந்த நிமிஷம் மூட்டைக்காரருக்குத் தயாரித்த வசனமெல்லாம் மறந்துபோனது. மனிதர்தானே. ஆனால் இனப்பண்பு லேசில் விடுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்: "இங்க ரொம்பக் கூட்டமா இருக்கு. வடக்கால போனா யாருமே வராத கரை ஒன்னு..."

அலை அவரை வாக்கியம் முடிக்க விடவில்லை. மூட்டையோடு மல்லாந்தார். கவிழ்த்துப்போட்ட ஆமை மாதிரி கையும் காலும் வானத்தைத் துழாவின. மஞ்சள் தொப்பிக்காரர்கள் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். மூட்டை கரைக்குப் போனது, அவர் கடலிலேயே நின்றார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வழிகாட்டிப் பெண் தலை எண்ணும்போது குழப்பம் வரக்கூடாது என்று அவர் தலையிலும் ஒரு மஞ்சள் தொப்பியைக் கவிழ்த்தாள். எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் அவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். இத்தனை பயணங்களில் அவர் சிரித்த படம் அது ஒன்றுதான்.

இப்போது அந்தப் படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. போன வாரம் நான் போயிருந்தபோது அவரே விளக்கம் சொன்னார்: "எல்லையில வேணும்னேதான் பிரிஞ்சோம். தனித்தனியாப் போய்ச் சேர்றதுல ஒரு ஆழம் இருக்கு. கடைசில அந்த ஊர் ஜனங்களோடயே கலந்துட்டோம். பாருங்க, மஞ்சள் தொப்பி. அது அவங்க பாரம்பரியம்."

அந்த அம்மா டீயை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். சகலையிடம் அடுத்த ஆண்டு பஸ்ஸில் இரண்டு இடம் சொல்லிவைத்திருப்பது எனக்குத் தெரியும். மூட்டைக்காரருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரியாத மாதிரி இருப்பதும் ஒரு கலை.

நீங்கள் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கேயாவது, "இவங்க ஏன் எல்லையில நடந்து போறாங்க? ஆத்து வழியாப் படகுல போனா கூட்டமே இருக்காதே, நான் சொல்லியிருப்பேனே" என்று உங்கள் உதடு லேசாக அசைந்ததா? அசைந்திருந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை மெல்லத் திரும்பிப் பாருங்கள். அவர் இந்தப் பக்கத்தை உங்களுக்கு முன்பே படித்துவிட்டுத்தான் கையில் கொடுத்திருக்கிறார்.